வரலாறு எழுதியவர்கள் – 12: மார்க் ப்ளோக், பேராசிரியரும் குடும்பத் தலைவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வரலாற்றெழுத்து, அரசாணைகளையும் உடன்படிக்கைகளையும் தூதர்களின் அறிக்கைகளையும் ஆதாரமாகக் கொண்டு, ஆட்சிகளின் தோற்றத்தையும் வீழ்ச்சியையும் ஆண்டு வரிசையில் நிறுவுவதையே தன் தலையாய பணியாகக் கருதிவந்தது என்பது இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டது. அந்த எல்லையைக் கடந்து, உழவனின் வயலமைப்பையும் நோயாளியின் நம்பிக்கையையும் போர்முனையில் உலவிய வதந்தியையும் வரலாற்றின் நடுவே கொண்டுவந்து வைத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டுப் பேராசிரியர் மார்க் ப்ளோக். அவரைப் பற்றி எழுதுவோர், புதிய வரலாற்றியலைத் தோற்றுவித்த அறிஞர் என்றும் நாஜிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட விடுதலை வீரர் என்றும் இரு நிலைகளில் அவரை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் ஆறு பிள்ளைகளின் தந்தையாக, மனைவியின் உழைப்போடு தம் உழைப்பை இணைத்துக்கொண்ட கணவராக, முதிய தாயை விட்டுப் பிரிய மறுத்த மகனாக வாழ்ந்த ப்ளோக்கை அறியாதவர்களுக்கு, அவர் வாழ்வின் மிக முக்கியமான முடிவுகள் விளங்காமலே போகும்.

ப்ளோக் 1886 ஜூலை 6 அன்று லியோன் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த யூதர்கள். 1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு தோற்று அப்பகுதி ஜெர்மனியின் வசமானபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்க விரும்பி அங்கிருந்து வெளியேறிய குடும்பம் அது. தந்தை குஸ்தாவ் ப்ளோக், உரோமானிய வரலாற்றில் பேரறிஞர். முதலில் லியோனிலும் பின்னர் பாரிசின் எக்கோல் நார்மல் எனப்படும் உயர் ஆசிரியர் கல்லூரியிலும், அதன்பின் சோர்போன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். மகனும் அதே உயர் கல்லூரியில் பயின்று, 1908இல் ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வில் வென்று, ஓராண்டு பெர்லினிலும் லைப்சிக்கிலும் படித்துத் திரும்பி, பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கிய வேளையில் 1914ஆம் ஆண்டின் உலகப் போர் மூண்டது.

படையணித் தலைவருள் கடைநிலையினரான சார்ஜண்டாகப் போருக்குச் சென்ற ப்ளோக், மார்ன் ஆற்றுப் போரில் பங்கேற்று, 1915இன் தொடக்கத்தில் டைஃபாய்டு காய்ச்சலால் உயிருக்குப் போராடி மீண்டு, பதுங்குகுழிகளின் சேற்றில் நான்காண்டுகளைக் கழித்து, இறுதியில் கேப்டன் பதவியோடும் வீர விருதுகளோடும் வெளிவந்தார். அந்த நான்காண்டுகள் அவருடைய ஆய்வுக்கு ஒரு களமாகவும் அமைந்தன. தணிக்கையின் காரணமாகப் படைவீரர்கள் செய்தித்தாளை நம்ப மறுத்து, வாய்மொழிச் செய்தியை மட்டுமே நம்பிய சூழலில், பொய்ச்செய்தி எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது என்பதை அவர் நேரில் கண்டார். 1917இல் பிரேமன் என்னும் ஜெர்மானிய நகரத்தைச் சேர்ந்த வீரன் ஒருவன் சிறைப்பட்டபோது, அவ்வூரின் பெயரொலி போர்முனைக்கு அருகே இருந்த பிரேன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரின் பெயரோடு குழம்பி, அவன் போருக்கு முன்பே அந்தச் சிற்றூரில் வணிகனாகக் குடியேறியிருந்த உளவாளி என்ற கதையாகச் சில நாள்களிலேயே மாறிவிட்டது. ஜெர்மானிய உளவாளிகள் எங்கும் நிறைந்திருக்கின்றனர் என்று முன்பே நம்பிக்கொண்டிருந்த கூட்டத்தின் அச்சமே அக்கதையைப் படைத்தது, தவறாகக் கேட்ட ஒரு பெயர் அதற்கு வெறும் சாக்காக அமைந்தது என்று ப்ளோக் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பொய்யும் வரலாற்றுச் சான்றே, அது சொல்லும் நிகழ்ச்சிக்குச் சான்றாகாவிட்டாலும் அதை நம்பியவர்களின் மனத்துக்குச் சான்றாகும் என்னும் கருத்து இங்கேதான் உருப்பெற்றது.

போர் முடிந்த மறு ஆண்டில், 1919 ஜூலையில், பொறியாளர் ஒருவரின் மகளான சிமோன் விடாலை ப்ளோக் மணந்தார். அதே ஆண்டில், மீண்டும் பிரான்சின் வசமான அல்சாசின் தலைநகர் ஸ்ட்ராஸ்பூரில், ஜெர்மானியர் விட்டுச்சென்ற பல்கலைக்கழகம் பிரெஞ்சுப் பல்கலைக்கழகமாகப் புதிதாகத் தொடங்கப்பட, இடைக்கால வரலாறு கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அடுத்து வந்த பதினேழு ஆண்டுகளும் அந்நகரிலேயே கழிந்தன. வரலாற்றறிஞர் லூசியன் ஃபெவ்ர், சமூகவியலறிஞர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ், உளவியலறிஞர் சார்ல் ப்ளோந்தெல் ஆகியோர் அங்கே உடன்பணியாற்றியதால், துறைகளுக்கு இடையே எழுப்பப்பட்டிருந்த சுவர்கள் அன்றாடப் பேச்சிலேயே தகர்ந்தன. ஆலிஸ், எத்தியென் தொடங்கி நான்கு மகன்களும் இரண்டு மகள்களுமாக ஆறு பிள்ளைகள் பிறந்து வீடு நிறைந்ததும் இக்காலத்தில்தான்.

அந்த வீட்டில் சிமோன் ஆற்றிய பணியை வரலாற்றியல் நூல்கள் போதிய அளவு பேசவில்லை. ஆறு பிள்ளைகளையும், பின்னாளில் கைம்பெண்ணான மாமியாரையும் பேணியதோடு, கணவரின் கையெழுத்துப் படிகளைப் படித்துத் திருத்தங்கள் சொல்லி, அச்சுக்கு ஏற்பப் படியெடுத்து, கடிதப் போக்குவரத்தையும் கவனித்து, சம்பளம் பெறாத செயலாளராகவே அவர் இயங்கினார். ப்ளோக் இக்காலத்தில் எழுதிய நூல்களையும் கட்டுரைகளையும் நூற்றுக்கணக்கான மதிப்புரைகளையும் ஒருசேர நோக்கினால், அவை ஒருவர் மட்டும் தனித்திருந்து ஆக்கியவை அல்ல என்பது தெளிவாகும். ப்ளோக் கண்டிப்பான தந்தை. பிள்ளைகளின் படிப்பில் சலுகை காட்டாதவர். அன்பை வெளிப்படையாகக் காட்டுவதில் தயக்கம் உடையவர். துப்பறியும் நாவல்களில் அவருக்குத் தீராத விருப்பம் இருந்தது. தடயங்களிலிருந்து உண்மையை ஊகித்தறியும் அக்கலைக்கும் அவருடைய தொழிலுக்கும் உள்ள உறவு சொல்லாமலே விளங்கும்.

1924இல் வெளிவந்த ‘அற்புதம் செய்யும் அரசர்கள்’ என்னும் அவருடைய முதற்பெரு நூலிலேயே குடும்பத்தின் பங்கு பதிந்திருக்கிறது. கழுத்துச் சுரப்பிகள் காசநோயால் வீங்கிப் புண்ணாகும் கண்டமாலை என்னும் நோயை, பிரான்சு அரசரும் இங்கிலாந்து அரசரும் தம் கையால் தொட்டாலே தீர்த்துவிடுவர் என்று மக்கள் பல நூற்றாண்டுகளாக நம்பினர். இங்கிலாந்தில் 1714இல் மறைந்த ஆன் அரசியோடு இச்சடங்கு நின்றது. பிரான்சில் பத்தாம் சார்ல் 1825இல் முடிசூடியபோது கடைசியாக நடந்தது. வேடிக்கையான மூடநம்பிக்கை என்று அறிஞர்கள் ஒதுக்கிவைத்த இச்செய்தியை எடுத்துக்கொண்ட ப்ளோக், அரசர் உண்மையிலேயே நோயைத் தீர்த்தாரா என்று கேட்பதோடு நிற்காமல், தீர்த்தார் என்று இத்தனை தலைமுறையினர் ஏன் நம்பினர் என்று கேட்டார். அந்நோய் சில காலம் தானே தணிந்து பின் தலைதூக்கும் இயல்புடையது என்பதும், அற்புதம் நிகழ்ந்தே தீரும் என்ற எதிர்பார்ப்பு, நிகழ்ந்துவிட்டது என்ற நம்பிக்கையைத் தானே உண்டாக்கும் என்பதும் அவர் கண்ட விடையின் சாரம். மருத்துவரான அண்ணன் லூயியும் வரலாற்றறிஞரான தந்தையும் இவ்வாய்வுக்குத் துணை நின்றனர். ஆனால் அண்ணன் 1922இலும் தந்தை 1923இலும் மறைந்துவிட, அவர்களுக்குச் செலுத்தும் நன்றியை முன்னுரையில் எழுதும் துயரம் ப்ளோக்குக்கு நேர்ந்தது.

1929 ஜனவரியில் ப்ளோக்கும் ஃபெவ்ரும் இணைந்து, பொருளியல், சமூக வரலாற்றுக்கென ஓர் இதழைத் தொடங்கினர்; ஆண்டுக்குறிப்புகள் எனப் பொருள்படும் ‘அன்னல்ஸ்’ என்ற பெயரால் அது இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. விலைவாசி, நாணயம், பயிர்முறை, நில அளவை வரைபடம், நீராலை என்று அதுவரை வரலாற்றாசிரியர்கள் ஏறெடுத்தும் பாராத பொருள்கள் அவ்விதழில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஆஸ்லோ நகரில் ப்ளோக் ஆற்றிய சொற்பொழிவுகள், 1931இல் பிரெஞ்சு உழவியல் வரலாற்றின் தனி இயல்புகளைக் கூறும் நூலாக வெளிவந்தன. வடக்கே வேலியின்றி நீண்ட பட்டைகளாகக் கிடக்கும் வயல்கள், தெற்கே ஒழுங்கற்ற வடிவில் அமைந்த வயல்கள், மேற்கே புதர்வேலி சூழ்ந்த வயல்கள் என்று மூவகையாகப் பிரித்து, சக்கரம் பூட்டிய கனத்த கலப்பைக்கும் சக்கரமில்லா இலேசான கலப்பைக்கும் உள்ள வேறுபாட்டையும், அறுவடைக்குப் பின் ஊரார் கால்நடைகள் யாவும் எல்லார் வயலிலும் மேயலாம் என்ற கூட்டுரிமையையும், அவ்வயல் வடிவங்களோடு பொருத்திக் காட்டினார். கலப்பை மட்டுமே வயலின் வடிவைத் தீர்மானிக்கவில்லை, அதை ஏற்று வாழ்ந்த ஊர்ச்சமூகத்தின் கட்டுப்பாடும் தீர்மானித்தது என்று அவர் கொண்ட எச்சரிக்கை இந்நூலின் தனிச்சிறப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடங்களைப் போன்ற தெளிவான பிற்காலச் சான்றுகளிலிருந்து தொடங்கி, சான்றுகள் மங்கலான முற்காலத்தை நோக்கிப் படிப்படியாகச் செல்லும் பின்னோக்கு முறையும் இந்நூலின் வழியாகவே பரவலாக அறிமுகமாயிற்று. நிலத்தின் வடிவையும் ஊரின் அமைப்பையும் ஆராய முற்படும் எந்த நாட்டு மாணவருக்கும் இந்நூல் இன்றும் வழிகாட்டும்.

1936இல் சோர்போனில் பொருளியல் வரலாற்றுப் பேராசிரியர் பதவி கிடைத்ததும் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ‘நிலமானியச் சமூகம்’ வெளிவந்தது. நிலமானியம் என்பது, ஊதியத்துக்கு மாற்றாக நிலத்தைப் பெற்றுக்கொண்டு மேலவனுக்குப் படைப்பணி செய்யும் முறை மட்டுமன்று. அடங்கிய உழவர் கூட்டம், போர்த்தொழில் வகுப்பாரின் மேலாதிக்கம், மனிதனை மனிதனோடு பிணைக்கும் விசுவாச உறவு, சிதறிக் கிடக்கும் அரசதிகாரம் ஆகியன ஒன்றுகூடிய முழுச் சமூக அமைப்பு அது என்று ப்ளோக் அந்நூலில் வரையறுத்தார். இந்திய வரலாற்றிலும் நிலமானியக் காலம் ஒன்று இருந்ததா என்ற நெடிய விவாதத்தில் ஈடுபட்ட நம் நாட்டு அறிஞர்களும் இவ்வரையறையை அறிந்தே வாதிட்டனர்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது ப்ளோக்கின் வயது 53. அவ்வயதும் ஆறு பிள்ளைகளும் அவருக்குப் படைப்பணியிலிருந்து முழு விலக்கு அளித்தன. எனினும் அவர் தாமே முன்வந்து சேர்ந்து, முதலாம் படையின் எரிபொருள் வழங்கலுக்குப் பொறுப்பேற்றார். தம்மைப் பிரெஞ்சுப் படையின் மிக மூத்த கேப்டன் என்று அவர் சொல்லிக்கொண்டதுண்டு. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை வடக்கே புகுந்தபோது, டன்கெர்க் துறையிலிருந்து இங்கிலாந்து சென்று, உடனே பிரான்சுக்குத் திரும்பி, ரென் நகரம் எதிரியின் கையில் விழுந்ததும் சீருடையைக் களைந்து, பேராசிரியராகவே ஒரு விடுதியில் தங்கி, சிறைப்படாமல் தப்பி, க்ரெஸ் மாவட்டத்தின் ஃபூஜேர் என்னும் சிற்றூரில் இருந்த தம் நாட்டுப்புற வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்தார். அவ்வீட்டில், அந்த ஆண்டின் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், பிரான்சு ஆறே வாரங்களில் ஏன் வீழ்ந்தது என்பதைக் கண்ட சாட்சியாகவும் வரலாற்றாசிரியராகவும் நின்று அவர் எழுதியதே ‘விசித்திரமான தோல்வி’. தளபதிகளின் மந்தமான சிந்தனையையும், கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்த தவறுகளையும் சாடிய அந்நூல், பேராசிரியர்களாகிய தம் தலைமுறையினர் ஆய்வறையிலேயே அடங்கிக் குடிமக்களின் கடமையை மறந்ததையும் அதே கடுமையோடு கண்டித்தது.

1940 அக்டோபர் 3 அன்று, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு, யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கும் சட்டத்தை இயற்றியது. சிறந்த அறிவுப்பணி செய்தோருக்கான விதிவிலக்கின்படி ப்ளோக் பணியில் தொடர அனுமதிக்கப்பட்டாலும், சோர்போனுக்குத் திரும்ப இயலாமல், கிளெர்மோன்-ஃபெரான் நகருக்குப் பெயர்ந்திருந்த ஸ்ட்ராஸ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவ்வேளையில், புலம்பெயர்ந்த அறிஞர்களுக்குப் புகலிடம் தந்துகொண்டிருந்த நியூயார்க்கின் ‘நியூ ஸ்கூல்’ என்னும் உயர்கல்வி நிறுவனம், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அவரைப் பேராசிரியராக வருமாறு அழைத்தது. உயிர் தப்ப வழி திறந்திருந்தது. ஆனால் அவ்வழி எல்லாருக்கும் திறக்கவில்லை. ஒவ்வொரு நாட்டினருக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அமெரிக்கா வைத்திருந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே, அழைக்கப்பட்ட பேராசிரியருக்கும் அவர் மனைவிக்கும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் மட்டுமே விசா வழங்கப்படும் என்பது சட்டம். ஆலிசும் எத்தியெனும் அவ்வயதைக் கடந்துவிட்டனர்; தாய் சாராவோ எண்பது வயதைத் தாண்டியவர். பிள்ளைகளை விட்டும் தாயை விட்டும் தாம் மட்டும் செல்ல ப்ளோக் இசையவில்லை. ஒன்பது பேருக்கும் சேர்த்து விசா பெற அவர் நடத்திய கடிதப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டு, 1941ஆம் ஆண்டின் நடுவில் பயனின்றி முடிந்தது. அவரைப் பிரான்சில் நிறுத்தியது நாட்டுப்பற்றுதான் என்று எழுதுவோர் பாதி உண்மையையே எழுதுகின்றனர். யாரையும் விட்டுச்செல்லக் கூடாது என்ற குடும்பத் தலைவரின் உறுதியே முதற்காரணம்.

அந்த ஆண்டின் வசந்தகாலம் ப்ளோக்கின் வாழ்வில் மிகக் கடினமானது. மார்ச் 18 அன்று அவர் தம் இறுதி விருப்பத்தை எழுதிவைத்தார். தாம் யூதராகப் பிறந்ததை ஒருபோதும் மறுக்கவில்லை என்பதையும், சமயச் சடங்கில் நம்பிக்கையில்லாத தமக்கு வழிபாடு செய்வது பொய்யாகும் என்பதையும் அதில் குறித்து, உண்மையை நேசித்தவர் என்று பொருள்தரும் இரண்டு இலத்தீன் சொற்களைத் தம் கல்லறையில் பொறிக்கக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் இறுதியில் தாய் மறைந்தார். நுரையீரல் உறையழற்சியால் சிமோனும் நோயுற்றார். அவருடைய உடல்நலம் கருதியே ப்ளோக் வெப்பமான மோன்பெல்லியே நகருக்கு மாற்றல் கேட்டுப் பெற்றார். இவற்றுக்கிடையே அன்னல்ஸ் இதழ் பற்றிய சச்சரவும் மூண்டது. ஜெர்மானியர் ஆண்ட பகுதியில் யூதருக்கு உடைமையான நிறுவனம் எதுவும் இயங்க முடியாது என்பதால், பாரிசிலிருந்து இதழைத் தொடர விரும்பிய ஃபெவ்ர், ப்ளோக்கின் பெயரை நீக்க வேண்டும் என்றார். அவ்வாறு விலகுவது சரணடைவதாகும் என்று முதலில் மறுத்த ப்ளோக், மே மாத நடுவில் இணங்கி, பின்னர் ஃபூஜேர் என்ற புனைபெயரில் அவ்விதழுக்கு எழுதிவந்தார். இதழ் உயிர்பிழைத்தது உண்மைதான். ஆயினும் நண்பரிடம் ஃபெவ்ர் கேட்ட விலை மிகப் பெரியது.

அந்தச் சச்சரவு தீராதிருந்த அதே மே மாதத்தின் 10ஆம் நாளன்று, தாம் எழுதிக்கொண்டிருந்த புதிய நூலை, தாயின் நினைவுக்கும் ஃபெவ்ருக்கும் உரித்தாக்கினார் என்பது ப்ளோக்கின் மனப்பண்பை அறிய உதவும் செய்தி. ‘வரலாற்றுக்காக ஒரு வாதம்’ என்ற பெயருடைய அந்நூல், வரலாற்றால் என்ன பயன் என்று ஒரு சிறுவன் தந்தையிடம் கேட்கும் கேள்வியோடு தொடங்குகிறது. நூலகம் கைக்கெட்டாத நிலையில், நினைவிலிருந்தும் கையிலிருந்த குறிப்புகளிலிருந்தும் எழுதப்பட்டது அது. சான்று என்பது கேள்வி கேட்டால்தான் பேசும். தீர்ப்பு வழங்க விரைவதைவிட விளங்கிக்கொள்வதே வரலாற்றாசிரியரின் கடமை. கடந்த காலத்தை அறிய நிகழ்காலத்தையும் அறிய வேண்டும் என்னும் கருத்துகள் அதில் விரிகின்றன. குழந்தையின் கேள்வியை அறிவாளிகளின் கேள்விக்கு இணையாக மதித்து விடைகூற முற்பட்டதில், பேராசிரியரும் தந்தையும் ஒருவராகவே நிற்கின்றனர்.

1942 நவம்பரில் ஜெர்மானியப் படை தெற்குப் பகுதியையும் பிடித்துக்கொள்ள, மோன்பெல்லியேயில் தங்குவது இயலாததாயிற்று. பாரிஸ் வீட்டில் விட்டுவந்த நூலகமோ கொள்ளைபோய் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டிருந்தது. ப்ளோக் குடும்பத்தை ஃபூஜேரில் சேர்த்துவிட்டு, 1943இல் லியோனுக்குச் சென்று, ஆக்கிரமிப்பை மறைவாக எதிர்த்த ‘ஃப்ரான்-திரேர்’ என்னும் இயக்கத்தில் சேர்ந்தார். தம்மைவிட முப்பது வயது இளையவர்களின் கட்டளைகளை ஏற்றுச் செய்தி கொண்டுசெல்லும் பணியில் தொடங்கி, லியோன் வட்டாரத்தில் இயக்கங்களின் கூட்டுத் தலைமையில் ஒருவராக உயர்ந்தார். 1944 மார்ச் 8 அன்று காலை, லியோனின் பாலம் ஒன்றில் கெஸ்டபோ என்னும் நாஜி மறைகாவல் படை அவரைப் பிடித்தது. மோன்லுக் சிறையில் கொடிய சித்திரவதைக்கு ஆளான அவர், ஜூன் 16 இரவு, மற்றக் கைதிகளோடு சேன்-திதியே-த-ஃபோர்மான் என்னும் ஊரருகே உள்ள வயலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 2 அன்று, புற்றுநோயால் சிமோன் லியோன் மருத்துவமனையில் உயிர்நீத்தார். ப்ளோக்கின் உடலை, எஞ்சிய உடைமைகளைக் கொண்டு குடும்பத்தார் பின்னர் அடையாளம் கண்டனர்.

‘விசித்திரமான தோல்வி’ 1946இல் அச்சேறியது. முற்றுப்பெறாத ‘வரலாற்றுக்காக ஒரு வாதம்’ நூலை 1949இல் ஃபெவ்ர் பதிப்பித்தார். நீதிபதியாகப் பணியாற்றிய மகன் எத்தியென், தந்தையின் கையெழுத்துப் படிகளைத் திரட்டி ஒப்பிட்டு, அந்நூலின் திருத்திய பதிப்பை 1993இல் கொண்டுவந்தார். 2024 நவம்பர் 23 அன்று, ஸ்ட்ராஸ்பூர் நகரம் விடுதலை பெற்றதன் எண்பதாம் ஆண்டு விழாவில், நாட்டின் பெருமக்களுக்கு நினைவிடமான பாரிசின் பாந்தியோனில் ப்ளோக்குக்கும் இடமளிக்கப்படும் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். ப்ளோக்கை முதன்முறையாகப் படிக்க விரும்பும் வாசகர், ‘நிலமானியச் சமூக’த்தின் கனத்த தொகுதிகளை எடுப்பதற்கு முன், மகன் பதிப்பித்த அந்தச் சிறிய நூலிலிருந்து தொடங்குவது நல்லது.

(தொடரும்)